கலஞ்சோ வளர்ப்பு: டெல்டா வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் எங்கள் வீடு. முன்னால் திண்ணை, பின்னால் கொல்லை. இரண்டிலுமாக இருபது தொட்டிக்கு மேல் கலஞ்சோ இருக்கிறது. தை மாதம் பூத்துக் கிடக்கும்போது போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு கிளை கேட்பார்கள், ஒடித்துக் கொடுத்துவிடுவேன். ஒரு மாதம் கழித்து அவர்களே "அது செத்துப்போச்சுங்க" என்று வாசலில் நிற்பார்கள். அப்படி நின்றவர்கள் கேட்டவையும் நான் சொன்னவையும்தான் கீழே இருப்பவை.

கலஞ்சோ எந்தச் செடி? பத்து மணிப் பூவும் இதுவும் ஒன்றா?

இல்லை. பத்து மணிப் பூ, அதாவது டேபிள் ரோஸ், தரையோடு படரும். இலை சின்ன உருளையாக இருக்கும், பூ ஒரு பகல்தான் நிற்கும். கலஞ்சோ ஒரு சாண் உயரத்துக்குக் குட்டிப் புதராக நிற்கும். இலை தடிப்பாக, மெழுகு தடவியதுபோலப் பளபளப்பாக, ஓரத்தில் அலை அலையாக வெட்டு விழுந்திருக்கும். பூ ஒவ்வொன்றும் மூக்குத்தியைவிடக் கொஞ்சம் பெரிது, நான்கே இதழ். ஆனால் ஒரு கொத்தில் முப்பது நாற்பது இருக்கும். ரோஜாபோல அடுக்கு இதழ் உள்ள ரகமும் வருகிறது, அதைக் கலண்டிவா என்று விற்கிறார்கள்.

பெயரை நர்சரிக்கு நர்சரி வேறு மாதிரி சொல்வார்கள். கலங்கோ, காலஞ்சோ, கலன்சோ எல்லாம் இதுதான். சொந்த ஊர் மடகாஸ்கர் தீவின் மலைப்பகுதி. 1930களில் ஜெர்மனியில் பிளாஸ்ஃபெல்டு என்ற விதை வியாபாரி இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார், அவர் பெயரே செடியின் தாவரவியல் பெயரிலும் ஒட்டிக்கொண்டது. அப்போது சிவப்பு மட்டும்தான். மஞ்சள், ரோஸ், வெள்ளை எல்லாம் பிறகு இனம் கலந்து உண்டாக்கியவை.

மலைச் செடி என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாறை இடுக்கில், தண்ணீர் நிற்காத இடத்தில் வளர்ந்த செடியை நாம் வயலும் வாய்க்காலுமான ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறோம். இங்கே வரும் தொல்லைகளில் முக்கால்வாசி அதனால்தான்.

கள்ளி வகையை வீட்டில் வைக்கக் கூடாது என்று மாமியார் சொல்கிறார். வைக்கலாமா?

இது கள்ளி இல்லை. முள் இல்லை, ஒடித்தால் பால் வராது. அத்தையிடம் ரணகள்ளியின் தங்கை என்று சொல்லிப் பாருங்கள். அவர் பிறந்த வீட்டுக் கொல்லையில் ரணகள்ளி இருந்திருக்கும்.

ரணகள்ளிக்கு உறவா? அப்படியானால் இதன் இலையிலும் குட்டி முளைக்குமா?

உறவுதான், ஒரே குடும்பம், ஒரே பேரினம். ரணகள்ளி இலையைப் பறித்து ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டால் ஓரத்துப் பள்ளங்களில் குட்டி குட்டியாகச் செடி முளைக்கும். அதனால்தான் அதைக் 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்றும் சொல்வார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நோட்டுக்குள் வைத்து முளைக்கவைப்பது அதைத்தான். பூக்கடைக் கலஞ்சோவின் இலை ஓரத்தில் அப்படி முளைக்காது. அதைக் கிளை வெட்டித்தான் பெருக்க வேண்டும்.

இந்த இரண்டுக்கும் பொதுவான ஒரு விசித்திரம் உண்டு. மற்ற செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து காற்றை வாங்கும். இவை வெயிலில் துளையை இறுக்க மூடிக்கொண்டு ராத்திரிதான் திறக்கும். ராத்திரி வாங்கிய கரியமில வாயுவை ஒரு புளிப்புச் சத்தாக இலைக்குள் சேர்த்து வைத்து, விடிந்ததும் வெளிச்சத்தில் அதை எடுத்துச் செலவழிக்கும். இதை நாக்கால் கண்டுபிடித்தவர் ஒருவர் இருக்கிறார். பெஞ்சமின் ஹெய்னே என்ற ஜெர்மானியர். மிஷன் வேலையாக நம்ம தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக ஆனவர். ரணகள்ளி இலையைக் காலையில் மென்றால் நல்ல புளிப்பு, உச்சிப்பொழுதில் சப்பென்று இருக்கிறது, சாயங்காலம் லேசாகக் கசக்கிறது என்று 1813இல் லண்டனுக்குக் கடிதம் எழுதினார். அதற்கான காரணம் விளங்க இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. நீங்கள் மென்று பார்க்க வேண்டாம். ஏன் என்பது கீழே ஆடு பற்றிய கேள்வியில் வருகிறது.

பகலில் துளையை மூடி வைத்திருக்கிற செடி தண்ணீரை மிகக் குறைவாகவே செலவழிக்கும். அடுத்த கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டும்?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். நாள் கணக்குச் சொன்னால் அதையே பிடித்துக்கொள்வார்கள் என்று எனக்குப் பயம். சொல்லாவிட்டாலும் விடமாட்டார்கள். சரி, என் வீட்டுக் கணக்கு இது. அரை அடி மண்தொட்டிக்குச் சித்திரை வைகாசியில் நாலைந்து நாளுக்கு ஒருமுறை, ஆனி முதல் ஆவணி வரை வாரம் ஒருமுறை, அடைமழைக் காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. சில வருஷம் கார்த்திகை முழுக்க ஒரு சொட்டுகூட ஊற்றியதில்லை. பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால் எல்லாவற்றையும் இன்னும் தள்ளிப்போடலாம்.

உண்மையில் நான் நாளைப் பார்ப்பதில்லை, தொட்டியைத் தூக்கிப் பார்ப்பேன். தண்ணீர் ஊற்றிய அன்று ஒருமுறை தூக்கிப் பாருங்கள், காய்ந்தபின் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். இரண்டு தடவையில் கை கற்றுக்கொள்ளும். தூக்க முடியாத இடத்தில் இருந்தால் ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். விரலில் மண் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்றைக்கு வேண்டாம்.

ஊற்றுகிற அன்று நிறைய ஊற்ற வேண்டும். அடியில் உள்ள துளை வழியாக ஒழுகும்வரை ஊற்றி, கீழே தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். தினம் ஒரு டம்ளர் என்று கொடுப்பது மிகவும் கெட்ட பழக்கம். மேல்மண் ஈரமாகவே இருக்கும், அடிவேருக்குத் தண்ணீரும் போகாது, காற்றும் போகாது. இலைமேல் ஊற்றாமல் மண்ணில் ஊற்றுங்கள். காலையில் ஊற்றுவது நல்லது.

இலை வாடித் தொங்குகிறது. தண்ணீர் போதவில்லையா?

இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். தாகத்திலும் வாடும், வேர் அழுகினாலும் வாடும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, ஆகவே ஈரத்துக்கு நடுவிலேயே செடி தாகத்தில் வாடுகிறது. நாம் இன்னொரு சொம்பு ஊற்றுகிறோம். கதை முடிந்தது.

கீழ் இலை ஒன்றை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். தாகமாக இருந்தால் இலை மெலிந்து, சுருக்கம் விழுந்து, தோல்போல வளையும், மண் காய்ந்து தொட்டி ஓரத்தைவிட்டு விலகியிருக்கும். ஊற்றினால் இரண்டு நாளில் நிமிர்ந்துவிடும். அழுகலாக இருந்தால் இலை மஞ்சளாகி, கண்ணாடிபோல் உள்ளே தண்ணீர் தெரியும், தொட்டாலே உதிரும். தண்டின் அடிப்பகுதி கறுத்து, அழுத்தினால் பழுத்த வாழைப்பழம்போல அமுங்கும்.

அழுகியதைக் காப்பாற்ற ஒரே வழி வெட்டுவதுதான். கறுப்புக்கு மேலே நல்ல கத்தியால் குறுக்காக வெட்டி, வெட்டு வாயைப் பாருங்கள். நடுவில் பழுப்பு வளையமோ புள்ளியோ தெரிந்தால் இன்னும் மேலே வெட்டுங்கள். முழுக்கப் பச்சையாக வரும்வரை வெட்டி, அந்த மேல்பகுதியை நிழலில் மூன்று நாள் காயவைத்துப் புது மண்ணில் நடுங்கள். பழைய மண்ணை வேறு பூச்செடிக்குப் போடாதீர்கள்.

என்ன மண்ணில் வைப்பது? எங்கள் வயல் மண் நல்ல வண்டல், அதைப் போடலாமா?

நெல்லுக்கு நல்ல மண், இதற்கு எமன். நம் பக்கத்து மண் நனைந்தால் பிசின்போலக் குழையும், காய்ந்தால் விரல் நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். தொட்டிக்குள் அடைத்தால் நாலு தண்ணீரில் செங்கல் ஆகிவிடும்.

நான் கலப்பது இப்படி: தோட்ட மண் ஒரு பங்கு, பெருமணல் ஒரு பங்கு, பட்டாணி அளவில் உடைத்த செங்கல் ஜல்லி ஒரு பங்கு, மண்புழு உரமோ நன்றாக மக்கிய தொழு உரமோ அரைப் பங்கு. கூடவே இரண்டு கை உமிக்கரி. கையில் அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறந்தால் கொழுக்கட்டைபோல நிற்கக் கூடாது, உதிர வேண்டும். நின்றால் இன்னும் செங்கல் சேருங்கள்.

மணல் என்றதும் ஆற்றுக்குச் சாக்கோடு இறங்கிவிடாதீர்கள், அது சட்டப்படி குற்றம். வீடு கட்டுகிற இடத்தில் எம்-சாண்ட் கிடைக்கும். அதை அப்படியே போட்டால் அதிலுள்ள மாவு இறுகிவிடும். வாளியில் போட்டு மூன்று தண்ணீர் அலசி, மாவைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கும் பருமனானதை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி களைவதுபோலத்தான்.

உமியைப் பற்றியும் கேட்பார்கள், ரைஸ் மில் இல்லாத ஊர் நம்மிடம் ஏது. பச்சை உமியைப் போட வேண்டாம். மக்கும்போது மண்ணில் இருக்கிற தழைச்சத்தை அது எடுத்துக்கொள்ளும். கறுப்பாகக் கருகிய உமிக்கரி நல்லது. வெள்ளையாக எரிந்துபோன சாம்பல் காரம், ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம்.

தேங்காய் நார்க்கழிவு கலக்கலாமா? நர்சரியில் அதில்தான் வைத்துக் கொடுத்தார்கள்.

அங்கே அவர்கள் பசுமைக்குடிலுக்குள், அளந்து தண்ணீர் விட்டு வளர்க்கிறார்கள். எடை குறைவு, லாரியில் ஏற்ற வசதி. நம் வீட்டுக்கு வந்ததும் அதே நார் பஞ்சுபோலத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். என் முதல் கலஞ்சோவை நூற்று இருபது ரூபாய் கொடுத்து ஒரு நர்சரியில் வாங்கினேன். "தினம் தண்ணி ஊத்துங்கம்மா" என்று சொல்லி அனுப்பினார்கள். பதினெட்டாம் நாள் கொத்துப் பூவோடு அப்படியே சாய்ந்தது. பிடுங்கிப் பார்த்தால் நார்க்கட்டி பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிற நிலையில் இருந்தது, வெள்ளை வேர் ஒன்றுகூட இல்லை.

இப்போது வாங்கிவந்தால் பூ முடியும்வரை அதே தொட்டியில், தண்ணீரைக் குறைத்து வைத்திருப்பேன். பூ முடிந்ததும் நாரை முடிந்தவரை உதறி எடுத்துவிட்டு மண் மாற்றுவேன். பூவோடு இருக்கும்போது வேரைக் கலைத்தால் மொட்டு கொட்டும்.

தொட்டி எந்த அளவு?

சின்னதாக, மண்ணால் ஆனதாக, அடியில் துளையோடு. அரை அடி போதும். கும்பகோணத்துப் பித்தளைச் செம்பில், பீங்கான் கோப்பையில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் துளை இல்லாவிட்டால் வேண்டாம். ஆசைக்கு வெளிப்பாத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் எவ்வளவு வேண்டும்?

காலை வெயில் மூன்று நாலு மணி நேரம் கிடைத்தால் மிகவும் நல்லது. கிழக்குப் பார்த்த திண்ணை இதற்கென்றே கட்டியதுபோல இருக்கும். சித்திரை, வைகாசி அக்கினி நட்சத்திர வெயிலில், அதுவும் மொட்டைமாடித் தளத்தில் வைத்தால் இலை வெந்துபோகும். அந்த நாட்களில் மாமர நிழலுக்கோ தாழ்வாரத்துக்கோ நகர்த்திவிடுங்கள். இலை ஓரம் சிவந்தால் பயப்பட வேண்டாம், வெயில் கூடுதல் என்று செடி சொல்கிறது, அவ்வளவுதான். வெளுத்துக் காகிதம்போலத் திட்டு விழுந்தால் அது வெயிலில் வெந்த புண், ஆறாது. இடத்தை மாற்றினால் புது இலை நன்றாக வரும்.

மறுபக்கம், தண்டு நீண்டு, இலைக்கு இலை இடைவெளி விட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை.

வீட்டுக்குள், ஏசி அறையில் வைக்கலாமா?

பூத்திருக்கும் ஒரு வாரம் பத்து நாள் கூடத்தில் வைத்து அழகு பார்க்கலாம். அப்புறம் வெளியே அனுப்பிவிடுங்கள்.

ஐப்பசி கார்த்திகை மழையை எப்படிச் சமாளிப்பது?

வடகிழக்குப் பருவமழைதான் டெல்டாவில் கலஞ்சோவுக்கு உண்மையான பரீட்சை. வெயிலில் பாதி செத்தாலும் பிழைத்துக்கொள்ளும், பத்து நாள் விடாத மழையில் பிழைக்காது. ஐப்பசி பிறக்கும் முன்பே தொட்டிகளைக் கூரைக்குள், ஆனால் வெளிச்சம் வரும் இடத்துக்குக் கொண்டுவந்துவிடுவேன். ஓட்டுத் தாழ்வாரத்தின் ஓரம் சரியான இடம். ஆனால் ஓட்டிலிருந்து தண்ணீர் வடியும் கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே வையுங்கள். தரையில் வைக்காமல் இரண்டு செங்கல்லை அடுக்கி அதன்மேல் வைத்தால் அடியில் காற்று ஓடும், முற்றத்தில் தண்ணீர் ஏறினாலும் தப்பிக்கும்.

காற்றுக்கும் ஒரு வார்த்தை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை ஏறியபோது தென்னையே வேரோடு சாய்ந்தது, தொட்டிச் செடி எந்த மூலைக்கு. புயல் எச்சரிக்கை வந்தால் முதல் வேலையாக மாடிக் கைப்பிடிச் சுவரில் இருக்கும் தொட்டிகளை இறக்குங்கள். செடிக்காக இல்லை, கீழே நடப்பவர் தலைக்காக. உள்ளே இருட்டில் நாலு நாள் கிடந்தாலும் கலஞ்சோவுக்கு ஒன்றும் ஆகாது.

வாங்கும்போது கொத்தாகப் பூ இருந்தது. அப்புறம் இரண்டு வருஷமாக இலைதான், பூவே இல்லை. ஏன்?

தெருவிளக்கைப் பாருங்கள்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கலஞ்சோ ராத்திரியின் நீளத்தை அளந்து பூக்கிற செடி. இருட்டு நீண்டுகொண்டு போகிறது, தொடர்ந்து பல வாரம் அப்படியே இருக்கிறது என்று தெரிந்தால்தான் மொட்டு வைக்கும். உலகமெங்கும் பூந்தோட்டக்காரர்கள் பின்பற்றும் கணக்கு இது: தினமும் சுமார் 14 மணி நேரம் இருட்டு, ஆறு வாரம். நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் ராத்திரி பெரிதாக நீளுவதில்லை. தஞ்சாவூரில் ஆனி மாதத்துப் பகல் முக்கால் மணி கூடி பன்னிரண்டே முக்கால், மார்கழியில் குறைந்து பதினொன்றரை மணி நேரம், அவ்வளவுதான் ஏற்ற இறக்கம். ஐப்பசியிலிருந்து தை வரை கிடைக்கும் பன்னிரண்டு, பன்னிரண்டரை மணி இரவு செடிக்கு ஒருவாறு போதும். ஆனால் அது சுத்தமான இரவாக இருக்க வேண்டும். நடுவில் விளக்கு விழுந்தால் செடிக்கு அது ஒரு நீண்ட இரவாகக் கணக்கில் வராது.

எனக்கு இது புரிந்தது தற்செயலாக. ஒரே தாய்ச்செடியிலிருந்து இரண்டு கட்டிங் எடுத்து, ஒன்றைத் திண்ணையிலும் ஒன்றைக் கொல்லையில் துணி துவைக்கும் கல் பக்கத்துச் சுவரிலும் வைத்திருந்தேன். திண்ணைச் செடிக்குத்தான் கவனிப்பெல்லாம், உரம் எல்லாம். கொல்லையில் இருந்ததை மறந்தே போய்விட்டேன். தை பிறந்து ஒரு நாள் துணி காயப்போடப் போனால் கொல்லைச் செடியில் இலை தெரியாமல் சிவப்பு. திண்ணைச் செடியில் ஒரு மொட்டுகூட இல்லை, இலை மட்டும் முறம் முறமாக. வாசலுக்கு நேர் எதிரே கம்பத்தில் வெள்ளை எல்இடி விளக்குப் போட்டது அந்த வருஷம்தான். ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம், அவ்வளவு வெளிச்சம்.

ஆகவே முதல் வழி, புரட்டாசிக் கடைசியில் தொட்டியை விளக்கு விழாத கொல்லைப்பக்கம் மாற்றுவது. அப்படி இடம் இல்லாவிட்டால் இரண்டாவது வழி, மூடுவது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, காலை எட்டு மணிக்கு எடுத்துவிடுங்கள். பகலில் வழக்கம்போல நல்ல வெளிச்சம் வேண்டும். ஒரு நாள் மறந்தால் பரவாயில்லை. வாரத்தில் மூன்று நாள் மறப்பவராக இருந்தால் இந்த வேலையில் இறங்க வேண்டாம். மூடத் தொடங்கியதிலிருந்து பூ விரிய மூன்று மாதம், சில நேரம் மூன்றரை மாதம் ஆகும். புரட்டாசிக் கடைசியில் தொடங்கினால் பொங்கலை ஒட்டி வாசலில் பூ நிற்கும்.

கோடையில் மூடிப் பூக்கவைக்கலாமா என்று கேட்பார்கள். ராத்திரியும் புழுக்கமாக இருந்தால் மொட்டு வைப்பது தள்ளிப்போகும். பெட்டிக்குள் இன்னும் வெக்கை. வேண்டாம், செடி ஓய்வெடுக்கட்டும்.

பூ எத்தனை நாள் நிற்கும்? வாடியபின் என்ன செய்ய வேண்டும்?

ஒரு கொத்து ஆறு வாரமாவது நிற்கும், நிழலான இடத்தில் இரண்டு மாதம்கூட. காய்ந்த கொத்தை அதன் காம்போடு, முதல் நல்ல இலை ஜோடிக்கு மேலே கிள்ளிவிடுங்கள். முழுக்கப் பூத்து முடிந்ததும், அதாவது பங்குனி வாக்கில், செடியைப் பாதி உயரத்துக்கு வெட்டிவிடுவது நல்லது. வெட்டாமல் விட்டால் அடித்தண்டு மொட்டையாகி மேலே மட்டும் இலைக்குடை பிடித்து நிற்கும். வெட்டிய துண்டெல்லாம் புதுச் செடி.

கட்டிங் எப்படி எடுப்பது?

பூ இல்லாத கிளையில் விரல் நீளத் துண்டு, இரண்டு மூன்று ஜோடி இலையோடு. கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு நிழலில் இரண்டு மூன்று நாள் போட்டு வையுங்கள், வெட்டு வாய் காய்ந்து மூடிக்கொள்ள வேண்டும். வெட்டின கையோடு ஈரமண்ணில் குத்தினால் அழுகும். பிறகு நான் சொன்ன மண்ணில் நட்டு, முதல் வாரம் தண்ணீர் காட்டவே வேண்டாம். மூன்றாவது வாரம் மெதுவாக இழுத்துப் பார்த்தால் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். பங்குனியிலும் ஆடி ஆவணியிலும் நன்றாகப் பிடிக்கிறது. அடைமழையில் வைத்தது பாதிகூடத் தேறாது.

உரம்?

வருஷத்துக்கு மூன்று முறை ஒரு பிடி மண்புழு உரம். பஞ்சகவ்யம், மீன் அமிலம் எல்லாம் மற்ற செடிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தழைச்சத்து கூடினால் இலைதான் கொழுக்கும்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கிறது. ஊற்றலாமா?

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்திலிருந்து கேட்பவர்கள் அதிகம். தொட்டி ஓரத்திலும் மண்மேலும் வெள்ளையாகப் பூத்தால், இலை நுனி கருகினால் உப்பு சேர்கிறது என்று அர்த்தம். இந்தச் செடிக்கு மாதத்துக்குத் தேவையே நாலு சொம்புதான், ஆகவே மழைத் தண்ணீரை இரண்டு குடத்தில் பிடித்து மூடி வைத்தாலே நெடுநாள் ஓடும். அதற்கும் வழியில்லை என்றால் வருஷத்துக்கு ஒருமுறை மேல்மண்ணை மாற்றுங்கள், முதல் மழையில் அரைமணி நேரம் நனையவிட்டு உள்ளே எடுத்துவிடுங்கள், உப்பு கழுவிக்கொண்டு போகும்.

இலைக் கக்கத்தில் வெள்ளையாகப் பஞ்சுபோல் இருக்கிறதே?

மாவுப்பூச்சி. எறும்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் நிச்சயம் அதுதான், அதன் தேனுக்காக எறும்பு காவல் நிற்கும். நாலைந்து இருந்தால் காது குடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்து எடுங்கள். பரவிவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய இரண்டு சொட்டுச் சோப்புக் கரைசல். சாயங்காலம் தெளிக்க வேண்டும், வெயிலில் தெளித்தால் எண்ணெய் இலையைப் பொசுக்கும். முதலில் ஒரே ஓர் இலையில் தெளித்து இரண்டு நாள் பாருங்கள், சில ரகங்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

இலைமேல் மாவு தூவியதுபோல் தட்டையாக இருந்தால் அது பூச்சி இல்லை, சாம்பல் நோய். மார்கழிப் பனியில் நெருக்கி வைத்த தொட்டிகளுக்கு வரும். அந்த இலைகளைக் கிள்ளிப் போட்டுவிட்டுத் தொட்டிக்குத் தொட்டி இடம் விடுங்கள். நத்தையை ராத்திரி டார்ச் அடித்துப் பொறுக்க வேண்டியதுதான்.

ஆடு மாடு தின்றால் ஏதாவது ஆகுமா? குழந்தை, பூனை?

ஆகும், இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். கலஞ்சோ இனத்துச் செடிகளில் இதயத்தைத் தாக்கும் நச்சு உண்டு. பூவிலும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இதன் உறவுச் செடிகள் மேய்ச்சல் நிலத்தில் களையாகப் பரவி, தின்ற மாடுகள் இறந்திருக்கின்றன. ஆட்டுக்குத் தடித்த இலை என்றால் ஆசை. எங்கள் தெருவில் அவிழ்த்துவிட்ட ஆடு ஒன்று திண்ணையில் ஏறி இரண்டு கிளையைக் கடித்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா அதை இழுத்துக்கட்டி ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டுக்கு வயிறு கழிந்தது, இரை எடுக்கவில்லை, மறுநாள் தேறியது. இன்னும் நாலு வாய் தின்றிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. அதற்குப்பிறகு திண்ணைத் தொட்டிகளெல்லாம் ஆடு எட்டாத உயரத்துக்குப் போயின. வெட்டிய கிளைகளை ஆடு மாடு மேயும் இடத்திலோ குளக்கரையிலோ கொட்டாதீர்கள். நாய், பூனை, குழந்தை யார் தின்றாலும் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள், கையில் ஓர் இலையையும் எடுத்துக்கொண்டு.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ரணகள்ளி இலையைக் கல்லடைப்புக்குச் சாப்பிடும் வழக்கம் நம் பக்கம் உண்டு. உறவுதானே என்று கலஞ்சோ இலையைப் பறித்துச் சாப்பிட வேண்டாம். ரணகள்ளியைக்கூட விவரம் தெரிந்த சித்த மருத்துவரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம்.

பூவைப் பறித்துச் சாமிக்கு வைக்கலாமா, தலையில் வைக்கலாமா?

மணம் இல்லை. மல்லியும் முல்லையும் மலிந்த ஊரில் இதைத் தலையில் வைத்தால் சிரிப்பார்கள். சாமி படத்துக்கு முன்னால் தொட்டியோடு வைக்கிறேன், இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. அதுவும் ஓரிரு நாள்தான், பூஜையறை விளக்கு ராத்திரியெல்லாம் எரியும்.

பத்து நாள் ஊருக்குப் போகிறேன். செடியை யாரிடம் விட்டுப் போவது?

யாரிடமும் வேண்டாம். கிளம்பும் அன்று காலையில் ஒழுக ஒழுகத் தண்ணீர் ஊற்றி, நேர் வெயில் படாத இடத்தில் வைத்துவிட்டுப் போங்கள். கோடையாக இருந்தாலும் இருபது நாள் வரை தாங்கும். ஒருமுறை கல்யாணத்துக்காக நாங்கள் எட்டு நாள் திருச்சி போயிருந்தோம். பால்காரர், பூக்காரம்மா, எதிர்வீட்டு மாமி மூன்று பேரிடமும் தனித்தனியாகச் செடியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். மூன்று பேருமே தினம் ஊற்றியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வீட்டுச் சாவியை மட்டும் மாமியிடம் கொடுப்பேன், தொட்டியைப் பற்றி வாயே திறப்பதில்லை.